வாசல் விளக்கு எரியும் வீடுகள்

அமெரிக்காவின் வடபகுதியில், மினசோட்டா மாநிலத்துப் பெருநகரமான மினியாபோலிஸுக்கு வடமேற்கே சுமார் 20 மைல் தூரத்தில், ரம் என்னும் சிற்றாறு மிஸிஸிப்பி மகாநதியோடு சங்கமமாகும் இடத்தில், அனோக்கா என்றோர் ஊர் இருக்கிறது. ஜனத்தொகை ஏறக்குறைய 18,000. ஒரு நீதிமன்றம், ஒரு பிரதான வீதி, அதன் இருமருங்கிலும் செங்கல் முகப்புக் கொண்ட பழைய கடைகள், அவற்றுக்கப்பால் மரங்கள் அடர்ந்த குடியிருப்பு வீதிகள் என்று, அந்தப் பிரதேசத்தில் நாலு ஊர்களைப் பார்த்தவர்களுக்கு ஐந்தாவது ஊராகவே தோன்றக்கூடிய அடக்கமான ஸ்தலம். ஆனால் அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் இந்த அடக்கமெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது. ‘உலகத்தின் ஹாலோவீன் தலைநகரம்’ என்ற பட்டத்தை அவ்வூரார் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டு, அதற்கு அங்கீகாரம் கேட்டு 1937ஆம் ஆண்டில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை வாஷிங்டனுக்கே அனுப்பியவர்கள் என்றால், அவர்களுடைய உற்சாகத்தின் அளவை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

என் அண்ணன் மகன் உத்தியோக நிமித்தமாக அந்த ஊரில் வீடு வாங்கிக் குடியிருக்கிறான். “சித்தப்பா, வருவதுதான் வருகிறீர்கள், அக்டோபர் கடைசியில் வாருங்கள். வசந்த காலத்துக்கும் கோடைக்கும் எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கும், எங்கள் ஊருக்கென்று ஒரு பருவம் உண்டென்றால் அது இதுதான்” என்று அவன் எழுதியிருந்தான். மேப்பிள் இலைகள் சிவந்து, பழுத்து, உதிர்ந்து, நடைபாதையெல்லாம் சருகு மூடிக் கிடந்த சமயத்தில் நான் போய்ச் சேர்ந்தேன்.

ஹாலோவீன் என்பது அக்டோபர் 31ஆம் தேதி இரவு. கத்தோலிக்கத் திருச்சபை சகல புனிதர்களையும் நினைவுகூரும் நவம்பர் முதல் தேதிக்கு முந்தைய இரவு. அதற்கடுத்த நாளே நம் ஊர்களிலும் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றி வைக்கும் கல்லறைத் திருநாள். ஆனால் இதன் மூலத்தைத் தேடிப் போனால் கிறிஸ்தவத்துக்கும் முற்பட்ட அயர்லாந்து, ஸ்காட்லாந்து தேசத்துக் கெல்டிக் ஜனங்களிடம் போய் நிற்க வேண்டும். அறுவடை முடிந்து குளிர்காலம் தலைகாட்டும் அந்தச் சந்தியில் இறந்தோரின் ஆவிகள் வீடு தேடி வரும் என்று அவர்கள் நம்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்துக்கு அஞ்சிக் கப்பலேறிய ஐரிஷ்காரர்கள் இந்த இரவையும் மூட்டையோடு கொண்டுவந்தார்கள். அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியவர்களுக்கு இங்கே பெரிய பெரிய பரங்கிக்காய்கள் கிடைத்தன. பூதமுகம் அதிலே குடிபுகுந்தது.

அந்தக் காலத்தில் இதைக் குழந்தைகளின் பண்டிகை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாலிபர்களின் அட்டகாசம் என்றே சொல்லியிருப்பார்கள். இரவோடிரவாக அவிழ்த்துவிடப்பட்ட மாடுகள் விடியற்காலையில் பிரதான வீதியில் உலாவுவதும், வண்டி கூரைமேல் ஏறி உட்கார்ந்திருப்பதும், கொல்லைப்புறத்துக் கழிப்பறைகள் குப்புறக் கிடப்பதும் அனோக்காவில் ஆண்டுதோறும் நடந்த காட்சிகளாம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஊர்ப்பிரமுகர்கள் 1920ஆம் ஆண்டில், ஜார்ஜ் கிரீன் என்பவரின் தலைமையில் கூடி யோசித்தார்கள். அடக்குவதற்குக் காவலர்களை ஏவுவதைவிட வேர்க்கடலையை ஏவுவது மேல் என்று அவர்களுக்குத் தோன்றியது. அந்த யோசனைக்காகவே அவர்களுக்கு ஒரு சிலை வைக்கலாம். பிள்ளைகளை வேஷம் கட்டி ஊர்வலமாக அழைத்துப்போய், பொரித்த சோளமும் வேர்க்கடலையும் மிட்டாயும் வயிறு நிறையக் கொடுத்து, பிரிட்ஜ் சதுக்கத்தில் பெரிய சொக்கப்பனை கொளுத்தினார்கள். வயிறு நிறைந்த பையன்களுக்கு மாட்டை அவிழ்க்கும் சிரத்தை குறைந்துவிட்டது. யுத்த காலத்தில் இடையிலே நின்றதைத் தவிர, அந்த ஊர்வலம் இன்றும் நடக்கிறது. நானும் பார்த்தேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாத்தியங்களும் அலங்கார வண்டிகளும் நன்றாகவே இருந்தன. எனினும் என் மனம் ஊர்வலத்தில் நிற்கவில்லை, தெருக்களிலும் வாசல்களிலும் நடந்த காரியத்திலேதான் நின்றது.

அந்தக் காரியம் இது: பொழுது சாய்ந்ததும் குழந்தைகள் பலவித வேஷம் பூண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, ‘டிரிக் ஆர் டிரீட்’ என்று கூவுகிறார்கள், தின்பண்டம் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா என்று பொருள். வீட்டுக்காரர் மிட்டாய் கொடுத்து அனுப்புகிறார். இந்தக் கூவல் 1927இலேயே கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துப் பத்திரிகை ஒன்றில் இடம்பெற்றிருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் சர்க்கரைக்கு ரேஷன் வந்து எல்லாம் ஓய்ந்து கிடந்து, 1947இல் ரேஷன் நீங்கியதும், புறநகர்களில் வரிசை வரிசையாகப் புதுவீடுகள் எழும்பிய காலத்தில், நாடெங்கும் பரவிவிட்டது. ஆக, கப்பமாகத் தொடங்கியது உபசாரமாக மாறியது. இன்று எந்தக் குழந்தைக்கும் குறும்பு செய்யும் எண்ணமில்லை. எந்த வீட்டுக்காரருக்கும் பயமுமில்லை. ஆனாலும் கொடுக்கிறார்கள், கொடுப்பதற்காகக் காத்திருக்கிறார்கள். ஹாலோவீனைப் பற்றி எழுதுகிறவர்களெல்லாம் வாங்கும் குழந்தைகளைப் பற்றியே எழுதுகிறார்கள். கொடுக்கும் பெரியவர்களின் பண்டிகை என்றே எனக்குப் பட்டது.

மிட்டாய் வாங்கப் போன கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைகளில் இதற்கென்றே செப்டம்பர் முதல் தனி வரிசைகள் ஒதுக்கப்படுகின்றன. விரல் நீளத்துக்குச் சிறிதாக வார்த்த சாக்லேட்டுகள் நூறும் நூற்றைம்பதுமாகப் பெரிய பைகளில் அடைத்துக் கிடக்கின்றன. ஸ்னிக்கர்ஸ், கிட்கேட், கடலைவிழுது பொதிந்த ரீசஸ், மில்கி வே என்று பெயர்களை அங்குள்ள ஐந்து வயதுக் குழந்தையும் ஒப்பிக்கும். இவற்றில் மில்கி வே அந்தப் பக்கத்துச் சொத்து. மினசோட்டாக்காரரான ஃபிராங்க் மார்ஸ் 1923இல் மினியாபோலிஸில் உண்டாக்கியது. அதன்பின் அவர் சிகாகோவுக்குப் போய், 1930இல் ஸ்னிக்கர்ஸையும் கொண்டுவந்தார். உப்புக் கடலை ஒட்டிய பியர்சன் கம்பெனியின் உருளை மிட்டாயோ பக்கத்து நகரமான செயின்ட் பாலில் தயாராவது. உள்ளூர் அபிமானமுள்ள கிழவர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள். குழந்தைகள் அதை ஓரமாக ஒதுக்குகிறார்கள். எங்கள் வீட்டு மருமகள் மஞ்சளும் வெள்ளையுமான ஒருவகைச் சர்க்கரை உருண்டையைக் கூடையில் போட்டபோது, அது அவ்வளவு நன்றாக இருக்காதே என்றேன். “அதற்குத்தான் மாமா. நமக்குப் பிடித்ததை வாங்கினால் முப்பத்தோராம் தேதிக்குள் நாமே தீர்த்துவிடுவோம், போன வருஷம் அப்படித்தான் ராத்திரி ஏழு மணிக்குக் கடைக்கு ஓடினோம்” என்றாள்.

எத்தனை குழந்தைகள் வருவார்கள் என்பதே அந்தத் தெருவுக்கு அந்த வாரம் முழுவதும் பேச்சு. மழை பெய்தால் குறையும்; சனிக்கிழமையானால் கூடும்; தெருவில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் குறையும்; இளந்தம்பதிகள் குடிவந்தால் கூடும். எதிர்வீட்டில் தனியே வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இதைச் சாஸ்திரமாகவே செய்துவருகிறார். அவருடைய கதவுக்குப் பின்னே ஆணியில் ஒரு குறிப்புப் புத்தகம் தொங்குகிறது. குழந்தை வரவர, நாலு நேர்கோடும் குறுக்கே ஒரு கோடுமாக ஐந்தைந்தாகக் கீறி, ஓரத்தில் வானிலையையும் அவ்வருஷத்தில் மிகுதியாக வந்த வேஷத்தையும் குறித்து வைக்கிறார். பழைய பக்கங்களை எனக்குப் புரட்டிக் காட்டினார். 1991ஆம் வருஷத்துப் பக்கத்தில் கோடுகள் சில வரிசைகளோடு நின்றுபோய், கீழே பெரிய எழுத்தில் ‘பனி’ என்று மாத்திரம் எழுதியிருந்தது.

அந்தப் பனியைப் பற்றி மினசோட்டாவில் அறியாதவர் இல்லை. அன்று நடுப்பகலில் தொடங்கிய பனிப்புயல் நவம்பர் மூன்றாம் தேதி வரை ஓயாமல், மினியாபோலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகரங்களில் 28 அங்குலத்துக்கு மேலும், வடக்கே டுலூத் நகரில் ஏறக்குறைய 37 அங்குலமும் கொட்டித் தீர்த்தது. நாற்பது வயதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும் அன்று தாம் என்ன வேஷம் போட்டிருந்தோம், முழங்கால் பனியில் எத்தனை வீடு நடந்தோம் என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஆசிரியை அம்மையாருக்கு அதன் மறுபக்கம் ஞாபகமிருக்கிறது. சாலையில் ஒரு தலையும் தெரியாத நேரத்திலும் விளக்கை அணைக்க மனமில்லாமல் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாராம்; இரவு எட்டு மணிக்கு மேல் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சிறுமி வந்தாளாம்; இருந்த மிட்டாயில் பாதியை அவளுடைய பையில் கவிழ்த்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

பண்டிகையன்று மாலை சூரியன் ஆறு மணிக்கு அஸ்தமித்தது. முன்பு ஐந்து மணிக்கே இருட்டிவிடுமாம். 2007 முதல் கோடைக்கால நேரம் நவம்பர் முதல் ஞாயிறு வரை நீடிக்கும்படி சட்டம் வந்ததில் குழந்தைகளுக்கு ஒரு மணி நேர வெளிச்சம் லாபம். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வரவேண்டாம் என்பது எழுதாத விதி. எங்கும் யாரும் அதை மீறுவதில்லை. எங்கள் தெருவில் ஒரு சோமாலியக் குடும்பத்தார் தம் மதாசாரத்துக்கு இது ஒவ்வாதென்று விளக்கை அணைத்துவிடுகிறார்கள். கூட்டம் ஒரு சலனமுமின்றி அந்த வீட்டைக் கடந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. மற்ற வீடுகளின் படிகளில் குடைந்த பரங்கிக்காய்கள் பல்லிளித்தன. மூடியைச் சற்றே உட்சாய்வாக அறுக்க வேண்டும், நேராக அறுத்தால் உள்ளே விழுந்துவிடும் என்ற நுணுக்கத்தை முந்தின நாள்தான் நான் கற்றிருந்தேன். வழித்தெடுத்த விதைகளை உப்பிட்டு வறுத்துக் கொறித்ததும் உண்டு. நான் செதுக்கிய முகத்தின் மூக்கை இரவுக்குள்ளாகவே ஓர் அணில் தின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தில் குளிரை முன்னிட்டு ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டுக்குள்ளே அடைந்திருந்து கதவைத் திறந்து திறந்து மூடுவதற்குப் பதிலாக, கார் வரும் பாதையிலேயே நாற்காலிகளைப் போட்டு, இரும்புத் தொட்டியில் விறகிட்டு நெருப்பு மூட்டி, அயல்வீட்டார் நாலைந்து பேர் ஒன்றுகூடி உட்கார்ந்துவிடுகிறார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய், உடன் வரும் தாய்தகப்பன்மாருக்குச் சூடான ஆப்பிள் சாறு. வருஷம் முழுவதும் காருக்குள்ளிருந்து கையசைப்பதோடு சரி என்றிருக்கும் மனிதர்கள் அன்று இரண்டு மணி நேரம் ஒரே நெருப்பைச் சுற்றி அமர்ந்து, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யாருடைய தாயார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று பேசிக்கொள்கிறார்கள். என் அண்ணன் மகனுக்கு அந்தத் தெருவாரின் பெயர்கள் முழுவதும் தெரிய வந்ததே முதல் ஹாலோவீனில்தானாம்.

பாத்திரத்தை ஏந்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. இளவரசிகளும் சிலந்தி மனிதர்களும் எலும்புக்கூடுகளும் டைனோசார்களும் வந்தார்கள். எல்லோரும் குளிரங்கியின்மேல் வேஷத்தை மாட்டியிருந்தபடியால் எலும்புக்கூடுகள்கூட நல்ல புஷ்டியாகவே இருந்தன. பெரிய பிள்ளைகள் பாத்திரத்தை ஒரு பார்வை பார்த்து, வேண்டியதை எடுத்து, ‘ஹாப்பி ஹாலோவீன்’ என்று ஓடினார்கள். சின்னஞ்சிறுசுகளின் காரியம் வேறு. மூன்று வயதிருக்கும் ஒரு தேனீ, பாத்திரத்துக்குள் கையை விட்டு உறைகள் சலசலப்பதைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, கடைசியில் தன் பையிலிருந்த ஒரு மிட்டாயை எடுத்து என் பாத்திரத்தில் போட்டது. அதன் தாயார் வெட்கிப்போய்த் திருப்பி எடுக்கச் சொன்னாள், நான் விடவில்லை. கம்பளிக் குல்லாயும் சால்வையுமாக மூடிக்கிடந்த என்னைப் பார்த்து ஒரு பையன், “நீங்கள் என்ன வேஷம்?” என்று கேட்டான். “தாத்தா வேஷம்” என்றேன். நன்றாகப் பொருந்துகிறது என்று ஒப்புக்கொண்டு போனான்.

வேஷமிட்டு வீடுவீடாகப் போகிற வழக்கம் எங்கள் தெற்குக் கடற்கரையிலும் உண்டு. குலசேகரன்பட்டினத்துத் தசராவில் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளியாகவும் குறவனாகவும் வேஷம் கட்டிக் காணிக்கை வாங்கி வருவார்கள் என்று ஆசிரியை அம்மையாரிடம் சொன்னேன். கொடுக்காவிட்டால் என்ன குறும்பு செய்வார்கள் என்று உடனே கேட்டார். அப்படியொன்றும் இல்லை, அம்மனுக்கென்றால் யாரும் கொடுத்துவிடுவார்கள் என்றேன். அம்மையார் சற்று யோசித்து, 1950இல் பிலடெல்பியா பக்கத்தில் ஒரு போதகரும் அவர் மனைவியும் தொடங்கிவைத்தபடி, தம் வகுப்புப் பிள்ளைகளும் யூனிசெஃபுக்கென்று அட்டைப்பெட்டியில் சில்லறை வாங்கி வந்த காலத்தை நினைவுகூர்ந்தார்.

அடுத்த வீட்டு அம்மாள் ஆஸ்பத்திரியில் இரவுப்பணி செய்யும் தாதி. படியிலே ஒரு பாத்திரம் நிறைய மிட்டாய் வைத்து, ‘ஆளுக்கு இரண்டு’ என்று அட்டை எழுதிச் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மனித சுபாவத்தைப் பரீட்சை செய்ய இதைவிட நல்ல கருவி கிடையாது. இதையே மனோதத்துவ நிபுணர்கள் சியாட்டில் நகரில் 27 வீடுகளில் வைத்து, 1,352 குழந்தைகளை மறைவிலிருந்து கவனித்து, 1976இல் வெளியிட்டிருக்கிறார்கள். தனியே வந்து, வீட்டுக்காரி பெயரும் விலாசமும் கேட்டுத் தெரிந்துகொண்ட குழந்தைகளில் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவானவர்களே மிகையாக எடுத்தார்கள். பெயர் கேட்கப்படாமல் கூட்டமாக வந்தவர்களில் நூற்றுக்கு 57 பேர் கைநிறைய அள்ளினார்கள். நான் பார்த்ததும் அதுவே. ஏழு மணிக்குள் தாதியம்மாளின் பாத்திரம் காலி. ஆனால் நிபுணர்கள் கவனியாமல் விட்ட ஒன்றையும் கண்டேன்: ஆசிரியை அம்மையார் தம் வீட்டிலிருந்து ஒரு பை கொண்டுவந்து அதை நிரப்பினார், அது தீர்ந்ததும் இன்னொருவர் நிரப்பினார். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தானாம். காலையில் திரும்பிவரும் தாதி தம் ஊர்ப்பிள்ளைகள் யோக்கியர்கள் என்று சந்தோஷப்படுவாராம்.

மிட்டாயில் விஷமிருக்கும், ஊசியிருக்கும் என்ற பீதி அங்கே ஆழமாக வேரோடியிருக்கிறது. வீடு திரும்பியதும் பெற்றோர் பையைத் தரையில் கொட்டி, உறை பிரிந்ததை எல்லாம் எறிந்துவிடுகிறார்கள். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் அறிஞர் 1958 முதலான பத்திரிகைச் செய்திகளை ஆண்டாண்டாக ஆராய்ந்து, முன்பின் அறியாத ஒருவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயின் விஷத்தால் ஒரு குழந்தை மாண்டதாக நிரூபணமான சம்பவம் ஒன்றுகூட இல்லை என்று சொல்லியிருக்கிறார். 1974இல் டெக்ஸாஸில் ஒரு சிறுவன் ஸயனைடால் இறந்தது உண்மை. கொடுத்தவன் அயலான் அல்ல, இன்ஷ்யூரன்ஸ் பணத்துக்காகப் பெற்ற தகப்பனே. இருந்தும் பழி அயலார்மேல் நின்றுவிட்டது. அதனால் நேர்ந்த நஷ்டம், வீட்டில் செய்த பண்டம் அடியோடு போனது. ஆசிரியை அம்மையாரின் தாயார் பாகு சேர்த்து உருட்டிய சோளப்பொரி உருண்டைகளை மெழுகுக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பாராம்; இன்று அதைக் கொடுத்தால் அப்படியே குப்பைக்குப் போகும். கம்பெனி உறையை நம்பி, எதிர்வீட்டுக் கையை நம்பாதிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மாறாக, மெய்யான அபாயத்துக்கு ஒரு நல்ல ஏற்பாடு வந்திருக்கிறது. கடலையும் பாலும் ஒவ்வாத குழந்தைகளுக்காக, 2014 முதல் சில வீடுகளில் நீலப்பச்சை வர்ணம் பூசிய பரங்கிக்காய் வைக்கிறார்கள். அங்கே பென்சிலும் ஒட்டுப்படங்களும் சிறு விளையாட்டுச் சாமான்களும் கிடைக்கும். தச்சுவேலை செய்யும் கோடிவீட்டுக்காரர் மிட்டாய், விளையாட்டுச் சாமான் இரண்டும் வைத்திருந்தார். அதோடு, சிறு துண்டமல்ல, கடையில் விற்கும் முழு அளவு சாக்லேட்டையே கொடுப்பவர் அவர். அந்தச் செய்தி குழந்தைகளிடையே பரவும் வேகத்தைத் தந்தி இலாகாவும் எட்டியிராது.

அவர் வீட்டு முன்னே கார்கள் வந்து நின்றன. வேறு பேட்டைகளிலிருந்து பிள்ளைகள் இறங்கினார்கள். நெருப்பைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர், “நம் தெருப்பிள்ளைகளுக்கு வாங்கியதை எங்கிருந்தோ வருகிறவர்கள் கொண்டுபோகிறார்கள்” என்று முணுமுணுத்தார். இந்த முணுமுணுப்பு அந்த நாடு முழுவதும் கேட்கிறது. மாடிக்கட்டடங்களிலும் வாடகை விடுதிகளிலும் வசிக்கும் பிள்ளைகளுக்குத் தட்டுவதற்கு வாசல் ஏது? அவர்கள் வாசலுள்ள தெருவைத் தேடித்தான் வரவேண்டும். தச்சரும் அதைத்தான் சொன்னார்: “நான் சின்னவனாக இருந்தபோது நாங்களும் இப்படித்தான் வந்தோம்.” முணுமுணுத்தவர் எழுந்துபோய் இன்னும் ஒரு பை கொண்டுவந்தார். சில சபைகளும் பள்ளிகளும் இப்போது மைதானத்தில் கார்களை நிறுத்தி, பின்பெட்டியைத் திறந்துவைத்து மிட்டாய் விநியோகிக்கின்றன. பத்திரமான ஏற்பாடுதான், ஆனால் கதவு திறந்து யார் முகம் வருமோ என்று படியில் நிற்கும் அந்த க்ஷணம் அதில் இல்லை.

எட்டரைக்குமேல் மீசை அரும்பும் பையன்கள் வேஷமென்று ஒன்றுமில்லாமல் தலையணை உறையோடு வந்தார்கள். இவர்களுக்குக் கொடுக்கலாமா என்பது அங்கே பெரிய விவாதம். ஆசிரியை அம்மையாருக்கு விவாதமே இல்லை. ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி அழைத்து, தாயாரை விசாரித்து, இரண்டிரண்டாகப் போட்டார். பெயர் தெரியாதவனிடம் பெயரைக் கேட்டுக்கொண்டார். ஒன்பது மணிக்கு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மிஞ்சியவை மறுநாள் ஆபீஸ்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம்மவர்களில் பலர் அக்டோபர் பிறக்கையில் குளிருக்கு அஞ்சித் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு என் விண்ணப்பம்: இரண்டு வாரம் கூடத் தங்குங்கள். பேரப்பிள்ளைகளோடு தெருச் சுற்றும் வேலையை இளையவர்களிடம் விட்டு, வாசலில் உட்கார்ந்து கொடுக்கும் வேலையை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடலை சேர்ந்ததையும் சேராததையும் வெவ்வேறு பாத்திரத்தில் வையுங்கள். விரல் திறந்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முழுக் கையுறையோடு மிட்டாய் எடுக்க வராது. கடைசியில் வருகிற பெரிய பையன்களுக்கும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.